கடைசி அத்தியாயத்தை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரும் கோடை விடுமுறையில் உலகச் சிறுவர் மாயக்கதைகளைச் சுருக்கி, சனிக்கிழமைதோறும் சிறுவர் பக்கத்தில் வெளியிடப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். கொடைக்கானல் வட்டத்தில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கூக்கால் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறவர்கள் சார்பில் இதை எழுதுகிறோம். இந்த ஊர்களில் பல வீடுகளுக்கு உங்கள் சிறுவர் பக்கம்தான் கதைப்புத்தகம். பிள்ளைகள் அதைக் கத்தரித்து ஊசிநூலால் தைத்து வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே நீங்கள் எதை வெட்டுகிறீர்களோ அது இங்கே இல்லாமலே போய்விடும்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இடம் போதவில்லையென்றால் நடுவில் எங்கு வேண்டுமானாலும் வெட்டுங்கள். கடைசி அத்தியாயத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. சுருக்குகிறவர்களின் கத்தரி எப்போதும் முதலில் அங்கேதான் போகிறது. என்றும் வளராத சிறுவனான பீட்டர் பானின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1904 டிசம்பரில் லண்டனில் நாடகமாக அரங்கேறி, 1911-ல் ஜே. எம். பாரி நாவலாக எழுதியது. நாவலில் 17 அத்தியாயங்கள். பீட்டரோடு அவன் தீவுக்குப் பறந்துபோன வெண்டியும் தம்பிகளும் ஜன்னல் வழியாக வீடு திரும்பி அம்மாவைக் கட்டிக்கொள்வது 16-வது அத்தியாயம். சுருக்கங்கள் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ‘எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் கதை முடிந்ததுபோலத் தோன்றும்.

17-வது அத்தியாயம் சொல்வது வேறு. தீவிலிருந்து அவர்களோடு வந்த ‘தொலைந்த பிள்ளைகள்’ பள்ளிக்கூடம் போகிறார்கள், பறக்கும் திறன் மெல்லப் போய்விடுகிறது, வளர்ந்து பையும் குடையுமாக அலுவலகம் போகிறார்கள். ஆண்டுக்கு ஒரு வாரம் வெண்டியை அழைத்துப்போவதாகப் பீட்டர் வாக்குக் கொடுத்திருக்கிறான். முதல் ஆண்டு வருகிறான். ஆனால் தன் எதிரியாக இருந்த கடற்கொள்ளையன் கேப்டன் ஹூக் யார் என்று கேட்கிறான். கூடவே இருந்த குட்டித் தேவதை டிங்கர் பெல்லையும் மறந்துவிட்டான். அடுத்த ஆண்டு வரவில்லை. அதற்கடுத்த ஆண்டு வந்தபோது, இடையில் ஓர் ஆண்டு விட்டுப்போனதே அவனுக்குத் தெரியவில்லை. பிறகு நீண்ட இடைவெளி. ஒருநாள் ஜன்னலில் வந்து இறங்கும்போது வெண்டிக்குக் கல்யாணமாகி, ஜேன் என்ற மகள் இருக்கிறாள். வெண்டி கணப்பருகே உடம்பைக் குறுக்கி உட்கார்ந்து, இருட்டில் தான் இன்னும் சிறுமிபோலத் தெரியப் பார்க்கிறாள். விளக்கேற்றியதும் பீட்டர் கண்டுகொள்கிறான். தரையில் உட்கார்ந்து அழுகிறான். தூக்கம் கலைந்த ஜேன் அவனைப் பார்த்து, ஏன் அழுகிறாய் என்று கேட்கிறாள்.

இந்தக் கேள்வியை 3-வது அத்தியாயத்தில், அதே அறையில், அதே அழுகைக்கு வெண்டி கேட்டிருக்கிறாள். இரண்டு இடத்திலும் சொல் மாறாமல் இருந்தால்தான் கேட்கிற பிள்ளை “ஏ, இது அப்பவே வந்துச்சே!” என்று நிமிரும். “தம்பி, ஏன் அழுகிறாய்?” என்று முதலில் மொழிபெயர்த்தால் கடைசியிலும் அப்படியே வரவேண்டும். இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு மொழிபெயர்க்கும்போது கெட்டுப்போவது இந்த இடம்தான். ஒருவர் ‘தம்பி’ என்பார், இன்னொருவர் ‘சிறுவனே’ என்பார். பிள்ளைக்கு மணி அடிக்காது.

இந்த நாவல் பிள்ளைகளைப் பற்றிய மூன்று சொற்களோடு முடிகிறது: களிப்பு, கள்ளமின்மை, இரக்கமின்மை. மூன்றாவது சொல்லைத் தமிழில் பலரும் விட்டுவிடப் பார்க்கிறார்கள், பிள்ளைகளைப் போய் இரக்கமில்லாதவர்கள் என்பதா என்று. ஆனால் அந்த மூன்றாவது சொல் இல்லாமல் முதல் இரண்டும் பொருள் தராது. தன் அம்மா தேடுவாளே என்று நினைக்காமல் பறந்துபோகிற பிள்ளை, தனக்காக உயிரை விடத் துணிந்த தோழியை ஒரே ஆண்டில் மறக்கிற பிள்ளை, கெட்ட பிள்ளை இல்லை. பிறர் வலி இன்னும் எட்டாத பிள்ளை. அது எட்டுவதைத்தான் வளர்வது என்கிறது கதை.

தமிழுக்கு இது புதிதே இல்லை. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் எதற்கு இருக்கிறது? சிறுமியர் மணலில் வீடு கட்டுகிறார்கள். ஆண்பிள்ளை வந்து காலால் சிதைக்கிறான். “எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே” என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். திருச்செந்தூர் முருகனுக்குப் பகழிக்கூத்தர் பாடியதிலும் அந்தப் பருவம் உண்டு. கண்ணனிடம் ஆண்டாள் கெஞ்சுவதும் இதையேதான். தெய்வக் குழந்தையேயானாலும் அதன் கள்ளமின்மைக்குள் ஓர் உதை இருக்கிறது என்று நம் புலவர்கள் ஒளிக்காமல் பாடினார்கள். குழந்தைப் பருவத்தை 3-ம் மாதம் தொடங்கி 21-ம் மாதம் வரை, இரண்டிரண்டு மாதமாகப் பத்துப் படிகளாக அளந்த இலக்கியம் வேறு எங்கே இருக்கிறது? அந்தப் படிகளில் குழந்தை நகர்ந்துகொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்காது.

எங்கள் மலைக்கே பெயர் தந்த கதையும் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன பிள்ளையின் கதைதான். ஒரு மாம்பழத்துக்காக மலையேறிய முருகன். அங்கே அப்பனும் அம்மையும் மலைக்கே வந்து சமாதானம் சொல்கிறார்கள். பீட்டர் திரும்பிப் போனபோதோ ஜன்னல் பூட்டியிருந்தது, அவன் படுக்கையில் வேறொரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பழனியைத் தெரிந்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு சொல்லாமலே உறைக்கும். வாசிப்பவர் அந்த வரியில் சற்று நிறுத்தினால் போதும், விளக்கம் வேண்டாம்.

‘கள்ளமின்மை’ என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘வெகுளி’ என்று போட்டால் பேச்சுத்தமிழில் சரி. ஆனால் பள்ளியில் குறள் படிக்கிற பிள்ளைக்கு ‘வெகுளாமை’ அதிகாரத்தில் வெகுளி என்றால் சினம். ‘அறியாமை’ என்றால் குறை சொல்வதுபோல ஆகிவிடும். ‘பேதைமை’ என்பதில் கள்ளமின்மையும் அறியாமையும் கலந்திருக்கிறது. ஆனால் உலா இலக்கியத்தில் பேதை என்பது 5 முதல் 7 வயதுப் பெண்ணைக் குறிக்கும் பெயர். 8 ஆகிவிட்டால் பெதும்பை. ஆகவே அந்தச் சொல்லை, அற்புத உலகத்துக்குள் போன ஆலிஸ் என்ற சிறுமியின் கதைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆலிஸ் கண்ணாடிக்குள் போகும் இரண்டாம் புத்தகத்தில் அவளுக்குச் சரியாக ஏழரை வயது. பேதைக்கும் பெதும்பைக்கும் நடுவே நிற்கிறாள். முட்டை உருவம் கொண்ட ஹம்டி டம்டி அவளிடம், ஏழோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறது. ஒருவரால் வயது ஏறாமல் இருக்க முடியாது என்கிறாள். ஒருவரால் முடியாது, இருவரால் முடியும் என்று பதில் வருகிறது. தமிழில் சிறிதும் சேதமில்லாமல் வரும் சிலேடை இது, விட்டுவிடாதீர்கள். லூயிஸ் கரோல் என்ற பெயரில் எழுதிய கணித ஆசிரியர் 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்போர்டு அருகே படகில் முதல் கதையைச் சொன்னபோது, கேட்ட ஆலிஸ் லிடலுக்கு 10 வயது. முதல் புத்தகம் 1865-ல் வந்தது. இரண்டாவது 1871 கடைசியில் வந்தபோது அவளுக்கு 19. நிஜ ஆலிஸ் வளர்ந்து போய்விட்டாள், புத்தகத்து ஆலிஸ் ஏழரையில் நிற்கிறாள்.

முதல் புத்தகத்தில் உயரங்கள் கெடாமல் இருக்கட்டும். குடித்ததும் 10 அங்குலம். கேக்கைத் தின்றதும் 9 அடிக்கு மேல். கம்பளிப்புழுவைச் சந்திக்கும்போது 3 அங்குலம். இவற்றைச் சென்டிமீட்டராக மாற்ற வேண்டாம், ‘மிகச் சிறியவளாக’ என்று மழுப்பவும் வேண்டாம். வாசிக்கும் அறையின் சுவரில் 3 அங்குலத்திலும் 10 அங்குலத்திலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு வாசித்தால் பிள்ளைகள் தாங்களாகவே குனிந்து பார்ப்பார்கள். 9 அடி எங்கள் பக்கத்துப் பல வீடுகளின் கூரைக்கு மேலே போய்விடும்.

சுருக்கங்களில் தவறாமல் விழுந்துபோகும் இடம் நீதிமன்றக் காட்சி. அதுவரை ஆலிஸ் எதையாவது தின்றோ குடித்தோதான் வளர்ந்தாள். நீதிமன்றத்தில் ஒன்றும் வாயில் போடவில்லை, தானாக வளர்கிறாள். பக்கத்தில் இருக்கும் தூங்குமூஞ்சி எலி, இங்கே வளர உனக்கு உரிமை கிடையாது என்கிறது. நீயும்தான் வளர்கிறாய் என்கிறாள். நான் நியாயமான வேகத்தில் வளர்கிறேன் என்கிறது எலி. ஐந்தாறு வரிதான். ஆனால் முழுக் கதையின் அச்சாணி அதுதான். அந்த வளர்ச்சி முடிந்த பிறகுதான் ராணியைப் பார்த்து, நீங்கள் வெறும் சீட்டுக்கட்டு என்று சொல்லும் துணிவு வருகிறது. எலியை வெட்டிவிட்டால் துணிவு எங்கிருந்தோ குதித்ததாக ஆகிவிடும். விழித்தெழுந்த பிறகும் ஒரு பக்கம் மிச்சம் உண்டு: அக்காள் தனியே உட்கார்ந்து, தங்கை பெரியவளாகித் தன்னைச் சுற்றிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதை சொல்வதைக் கற்பனை செய்கிறாள். அதுவும் வேண்டும்.

இடைக்குறிப்பாக: அதே புத்தகத்தில் சுண்டெலியின் ‘நீண்ட கதை’யை ஆலிஸ் வால் என்று நினைத்துக்கொள்ளும் இடம் மொழிபெயர்ப்பில் வராது என்று கைவிடுகிறார்கள். ‘அனுமார் வால் மாதிரி நீளமான கதை’ என்று எலி தொடங்கட்டும். வால் தானாக வந்து சேரும்.

ஓநாய்கள் வளர்த்த சிறுவன் மௌக்லி விஷயத்தில் தவறு வேறு வகை. கிப்ளிங்கின் காட்டுக்கதைகள் 1894, 1895 என இரண்டு புத்தகங்கள். மௌக்லி வருவது எட்டுக் கதைகளில். முதல் புத்தகத்தில் மூன்று, இரண்டாவதில் ஐந்து. முதலாவதை மட்டும் எடுத்துச் சுருக்குவதால் நம் பிள்ளைகளுக்கு மௌக்லி என்றைக்கும் சிறுவன். கடைசிக் கதையில் அவனுக்கு 17 வயது நெருங்குகிறது. இளவேனில் வந்ததும் காட்டு விலங்குகளெல்லாம் தங்கள் துணையோடு போய்விட, கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை. காரணம் தெரியாத துக்கம். விஷத்தைத் தின்றுவிட்டோமோ என்று நினைக்கிறான். கண்ணீர் வருகிறது. முதல் கதையிலும் அவனுக்குக் கண்ணீர் வந்தது. சாகப்போகிறேனா என்று கருஞ்சிறுத்தையிடம் கேட்டான். இந்த இரண்டு அழுகையையும் சேர்த்து அச்சிட்டால் ஒரு முழு வாழ்க்கை தெரியும். கா என்ற மலைப்பாம்பு, சட்டையை உரிப்பது கடினம் என்கிறது. தமிழில் பாம்பு உரிப்பதற்கும் சட்டை என்றே பெயர். போன ஆண்டுப் பள்ளிச் சட்டை இந்த ஆண்டு தோளில் ஏறாத பிள்ளைக்கு இந்த வரி இரண்டு பொருளிலும் புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஷேர்கான் என்ற புலியை மிதித்துக் கொல்பவை ஊர் எருமைகள். ‘காட்டெருமை’ என்று எழுதிவிட்டால் கொடைக்கானல் பிள்ளைகள் தெருவுக்குள் வந்து நிற்கும் காட்டுமாட்டைத்தான் நினைப்பார்கள். அதன் முதுகில் ஒரு பையன் ஏறினான் என்றால் கதையையே நம்பமாட்டார்கள். ‘எருமை’ என்றே போடுங்கள். அதேபோல ‘சிவப்பு நாய்’ அல்ல, செந்நாய். எங்கள் சோலைகளிலும் அது உண்டு.

‘வின்னி த பூ’ (Pooh) என்ற கரடிப் பொம்மையின் கதைகளில் விடக்கூடாதது, 1928-ல் வந்த இரண்டாம் புத்தகத்தின் 10-வது அத்தியாயம். பொம்மைக்குச் சொந்தக்காரச் சிறுவன் கிறிஸ்டோபர் ராபின் பள்ளிக்கூடம் போக வேண்டும். தனக்கு மிகவும் பிடித்தது ஒன்றும் செய்யாமல் இருப்பது, இனி அதற்கு விடமாட்டார்கள் என்று பூவிடம் சொல்கிறான். ‘ஒன்றும் செய்யாதிருத்தல்’ என்று எழுதினால் சோம்பேறித்தனம்போல ஒலிக்கும். நம்மிடம் ‘சும்மா’ இருக்கிறது. “என்னடா பண்ற?” “சும்மாதான் இருக்கேன்.” ‘சும்மா இரு’ என்று முருகன் சொன்னதாக அருணகிரிநாதர் பாடிய சொல் அது. அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்காக மலையிறங்கி விடுதிக்குப் போகும் பிள்ளைகள் மலைக் கிராமங்களில் நிறைய. வேறெந்தக் கதையையும்விட இந்த அத்தியாயத்தை அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

பினோக்கியோவைத் தொடராகப் போடப்போகிறீர்கள் என்றால் அதன் பிறப்பும் உங்களுக்கு உதவும். அதுவும் ஒரு சிறுவர் இதழில், ரோம் நகரில், 1881 முதல் வந்த தொடர்தான். 15-வது அத்தியாயத்தில் மரப்பொம்மை தூக்கில் தொங்குவதோடு முடிந்தது. தொடர வேண்டும் என்ற கோரிக்கை எழுந்ததால் ஆசிரியர் கொல்லோடி மீண்டும் எழுதி, 1883-ல் 36 அத்தியாயங்களாக முடித்தார். பையனாக மாறியபின் அவன் நாற்காலியில் சாய்ந்து கிடக்கும் பழைய பொம்மையைத் திரும்பிப் பார்க்கிறான். பொம்மை மறைந்துவிடவில்லை என்பது முக்கியம். பல சுருக்கங்களில் பொம்மையே பையனாகிவிடுகிறது, பழைய உடம்பு எங்கே என்ற கேள்வி இல்லை.

நார்னியா என்ற மாய நாட்டைப் பற்றிய ஏழு புத்தகங்களைத் தொட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அந்த நாட்டுக்குப் போய்வந்த பிள்ளைகளில் வளர்ந்துவிட்ட சூசனை உதட்டுச்சாயம் பூசிக்கொள்கிறவள் என்று கடைசிப் புத்தகம் ஒதுக்கிவைக்கிறது. வளர்வதே குற்றம்போல ஆகிவிடும் அந்த இடத்தை எட்டு வாரத்தில் நியாயமாகச் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வெட்டுவது? கணக்கைப் பார்ப்போம். சத்தமாக வாசித்தால் தமிழில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொல். 600 சொல் ஆறு நிமிடம். 7 வயதுப் பிள்ளை ஆடாமல் உட்காரும் அளவு. ஒரு கதைக்கு எட்டு வாரம் என்றால், பீட்டர் பானுக்கு இப்படிப் பிரிக்கலாம்: 1 முதல் 3 வரையான அத்தியாயங்களுக்கு இரண்டு வாரம், 4 முதல் 11 வரை மூன்று வாரம், 12 முதல் 15 வரை ஒரு வாரம், 16-க்கு ஒன்று, 17-க்கு ஒன்று. கடைசி வாரத்துக்கு மட்டும் இரட்டிப்பு இடம், 1,200 சொல். அதை இரண்டு வாரமாக உடைத்தால் விளக்கேற்றும் இடம் நடுவில் அறுந்துவிடும். வாள்சண்டைகளை நான்கு வரியில் முடிக்கலாம். தீவின் பழங்குடிகளைப் பற்றி வரும் பகுதிகளைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அவை அந்த மக்களைக் கேலிப்பொருளாக்குகின்றன. எங்கள் மலைப் பழங்குடியினரான பளியரின் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கும் இடத்தில் அவற்றை வாசிக்க முடியாது.

சுருக்குகிறவருக்கு இன்னொரு சிக்கல், அவள்–அவர். பெரியவர்களை ‘அவர்’ என்று எழுதுவதே நம் வழக்கம். 17-வது அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வெண்டியை ‘அவர்’ ஆக்கிவிட்டால், பீட்டர் கண்டுபிடிக்குமுன் இலக்கணம் காட்டிக்கொடுத்துவிடும். கடைசிவரை ‘அவள்’ இருக்கட்டும். பீட்டர் ‘நீ’ என்றே பேசட்டும், விளக்கேற்றிய பிறகும். வயது என்றால் என்னவென்று தெரியாதவன் மரியாதை கற்றிருக்கமாட்டான்.

கதை முடிவில் கட்டம் கட்டி ‘நீதி’ போட வேண்டாம். ஆலிஸ் கதையிலேயே எதற்கெடுத்தாலும் நீதி சொல்லும் சீமாட்டி ஒருத்தி வருகிறாள். அவள் அருகில் இருப்பதையே ஆலிஸ் சங்கடத்தோடுதான் பொறுத்துக்கொள்கிறாள்.

17-வது அத்தியாயம் சோகமானது, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் சொல்லக்கூடும். எங்கள் மலையில் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. 2006, 2018, அடுத்தது 2030. அந்தக் கணக்கில் தங்கள் வயதைச் சொல்வது பளியர் வழக்கம் என்பார்கள். பூத்த செடி விதையை உதிர்த்துவிட்டுக் காய்ந்துபோகும். 2018-ல் பார்த்தவர் 2030-ல் வந்தால் அதே சரிவு, அதே நீலம். செடி மட்டும் வேறு, பழைய செடியின் விதையில் முளைத்தது. பீட்டர் வெண்டியைத் தேடி வந்து ஜேனைக் காண்பதும், பிறகு ஜேனின் மகள் மார்கரெட்டைக் காண்பதும் இதேதான். இங்குள்ள பிள்ளைகளுக்கு அது புதுச் செய்தி இல்லை.

அச்சு பற்றிச் சில. கத்தரித்துத் தைப்பதற்கு இடப்பக்கம் ஓர் அங்குலம் வெற்றிடம் விடுங்கள். கதையின் பின்பக்கத்தில் விளம்பரம் இருக்கட்டும், இன்னொரு கதை வேண்டாம்; ஒன்றைக் கத்தரித்தால் மற்றது போய்விடும். இந்த ஈரக்காற்றில் பசை ஒட்டிய புத்தகங்கள் நிற்பதில்லை. முதலில் கழன்று விழுவது கடைசி ஃபாரம் (ஒன்றாக மடித்த தாள்கட்டு)தான், அதாவது கடைசி அத்தியாயம். பின்னால் இந்தத் தொடரைப் புத்தகமாக்கினால் தையல் பைண்டிங் போடுங்கள். நூலகங்களில் மைதாப் பசையால் ஒட்டுகிறவர்கள் பைண்டர்கள் செய்வதுபோல ஒரு சிட்டிகை மயில்துத்தம் கலந்தால் பூஞ்சையும் பூச்சியும் அண்டாது. அது விஷம், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைப்பதும் நல்லது.

பீட்டர் பானை ஏப்ரல் முதல் சனிக்கிழமை தொடங்கினால் எட்டாவது வாரம் மே 20-க்கும் 26-க்கும் இடையில் விழும். விடுதிக்குப் போகிற பிள்ளைகள் பெட்டி கட்டுமுன் 17-வது அத்தியாயம் அவர்கள் கைக்கு வந்துவிடும். தொடக்க வாரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

இப்படிக்கு,
கதை வாசிப்போர்,
மேல்பழனி மலைக் கிராமங்கள்,
கொடைக்கானல் வட்டம்